இன்னொரு ஆணி எங்கே, தம்பி?

பனங்கிழங்கில் ஆரம்பித்த வேலை இது. தை பிறந்தால் பாளையங்கோட்டையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிடும். வாங்கி வந்து மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அவித்தால், கேஸ் அடுப்பு வெகு நேரம் எரிய வேண்டியிருக்கிறது. மேலே மொட்டை மாடியிலோ வெயில் சும்மா காய்கிறது. அதே மாடியின் ஓரத்தில், பழைய சோலார் வாட்டர் ஹீட்டரைக் கழற்றியபோது மிஞ்சிய கண்ணாடி ட்யூப் ஒன்று சாக்குக்குள் கிடந்தது. வெளிவிட்டம் 58 மி.மீ., நீளம் 1800 மி.மீ. உள்ளே கறுப்புப் பூச்சோடு இன்னொரு குழாய், அது 47 மி.மீ.; இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். பனங்கிழங்கும் நீளம், குழாயும் நீளம். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு, மேலே வெயிலைக் குவித்தால் என்ன என்று தோன்றியது.

முதல் முயற்சி வட்டம். குழியாடியின் குவியம் ஆரத்தில் பாதித் தூரத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்தது மட்டும் தலையில் மிச்சமிருந்தது. ஓர் அட்டையில் ஆணி குத்தி, 50 செ.மீ. நூல் கட்டி, பென்சிலை இழுத்து ஒரு வில் வரைந்தேன். 60 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, அதன் வளைவில் பளபளப்பான தாளை ஒட்டி, உச்சி வெயிலில் சூரியனைப் பார்க்க நிறுத்தி, சாம்பிராணிப் புகை போட்டேன். புகை இருந்தால் கதிர் போகும் வழி கண்ணுக்குத் தெரியும். நடுவில் விழுந்த வெயில் சொன்னபடி 25 செ.மீ. உயரத்தில் ஒன்றுகூடியது. ஓரத்தில் விழுந்தது அங்கே வரவே இல்லை. ஆறு செ.மீ. கீழேயே நடுக்கோட்டைக் கடந்து போய்விட்டது. காலி எவர்சில்வர் டம்ளரின் அடியில் விளக்கு வெளிச்சம் பட்டால் மீன்வால் மாதிரி ஒரு வளைவு தெரியுமே, புகைக்குள் அதேதான்.

எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் ஆச்சரியம். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி, வட்ட வில் அடியிலிருந்து 10 செ.மீ. உயர்ந்திருந்தது. எல்லா வெயிலும் ஒரே இடத்தில் கூட, உயர்ந்திருக்க வேண்டியது 9. ஒரே ஒரு செ.மீ. அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெளிச்சம் கண்டுபிடித்துவிட்டது.

வட்டம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆரோவில் சோலார் கிச்சனின் கூரைமேல் இருக்கும் 15 மீட்டர் விட்டக் கிண்ணம் கோளத்தின் ஒரு துண்டுதான், பரவளையம் (பாரபோலா) இல்லை. அது நகராமல் அப்படியே இருக்கிறது. சூரியன் எங்கே போனாலும் கோளம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் அதன் எல்லாப் புள்ளியும் மையத்திலிருந்து ஒரே தூரம். அதனால் கிண்ணத்தைத் திருப்புவதற்குப் பதில், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் நீளமான தண்டை மட்டும் திருப்பும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு புள்ளியில் குவியாமல் ஒரு கோட்டில் பரவிக் குவிவதால்தான் தண்டு நீளமாக இருக்கிறது. என் வேலை வேறு. நான் செய்யப்போவது குழாய்க்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் பளபளப்பான தொட்டி; சின்னது, கையால் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு எல்லா வெயிலும் 47 மி.மீ.க்குள் விழ வேண்டும்.

ஆக, பரவளையம். ஒரு புள்ளி, ஒரு நேர்கோடு. இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தால் அது. புள்ளிக்குக் குவியம் என்று பெயர், கோட்டுக்கு இயக்குவரை. புள்ளி நகரும் பாதைக்கு இயங்குவரை என்று ஒரு பெயர் உண்டு. இயக்குவரை, இயங்குவரை: ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பரீட்சையில் மார்க்கை விட்டிருக்கிறேன். இப்போது பாதைக்கு நியமப்பாதை என்றும் போடுகிறார்கள், புண்ணியம்.

குவியத்துக்கும் கோட்டுக்கும் நடுவே 50 செ.மீ. வைத்தேன். அதில் சரிபாதியில், 25இல், வளைவின் அடிப்புள்ளி. இந்த எண்ணை எடுத்ததற்குக் காரணம், பிளைவுட் பலகையில் அடங்கும் என்பதுதான். பிறகு பார்த்தால் அதிர்ஷ்டம் வேறு விதமாக அடித்திருந்தது. நடுவிலிருந்து 10, 20, 30, 40, 50 செ.மீ. தள்ளிப் போகும்போது வளைவின் உயரம் 1, 4, 9, 16, 25. குவியத்திலிருந்து தூரம் 26, 29, 34, 41, 50. பின்னமே கிடையாது, எல்லாம் முழு எண். டேப்பை வைத்துப் பார்த்ததும் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். வளைவின் இரண்டு நுனியும் குவியத்தின் மட்டத்திலேயே வந்து நிற்கும், வாய் அகலம் ஒரு மீட்டர். "அது செவ்வகலம், அப்பா. 4a" என்றாள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

அவளிடம் ஒரு பட்டர் பேப்பரைக் கொடுத்து, கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். விளிம்பில் எங்காவது ஓரிடத்தைத் தூக்கி அந்தப் புள்ளிமேல் வைத்து மடித்து, நகத்தால் கீறிப் பிரிக்க வேண்டும். அடுத்து விளிம்பின் இன்னோர் இடம். முப்பது நாற்பது மடிப்பு ஆனதும் மடிப்புக் கோடுகள் எல்லாம் ஒரு வளைவைச் சுற்றி நின்றன. வளைவை யாரும் வரையவில்லை. இதை விளையாட்டுக்காகத்தான் செய்தோம். ஆனால் வெயில் ஏன் குவிகிறது என்பது எனக்குப் புரிந்தது அந்தத் தாளில்தான்.

ஒரு மடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஓர் இடம், அது போய் ஒட்டிக்கொண்ட புள்ளி. அந்த இடத்துக்கு நேர் மேலே, மடிப்புக் கோட்டில் உள்ள புள்ளி இரண்டுக்கும் சம தூரம், மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதே! ஆகவே அது பரவளையத்தின் புள்ளி. மடிப்பு அங்கே வளைவைத் தொட்டு நிற்கும் கோடு. இப்போது மடிப்பைக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து நேராக இறங்கும் கதிர், கண்ணாடி இல்லாவிட்டால் விளிம்பின் அந்த இடத்துக்குப் போயிருக்கும். கண்ணாடி அந்த இடத்தைத்தான் புள்ளிக்கு மடித்து வைத்திருக்கிறதே, கதிரும் புள்ளிக்கே மடிகிறது. எந்த மடிப்பை எடுத்தாலும் இதே கதைதான், புள்ளியும் அதே புள்ளி. y² = 4ax என்று எழுதி வகைக்கெழு எடுத்து நிறுவியது எனக்கு ஒரு காலத்தில் தெரியும். மடிப்பு இப்போதும் தெரியும்.

ஒரு மீட்டர் வளைவைத் தாள் மடித்து வரைய முடியாது. அதற்கு நூல் முறை. எங்கள் தெருக் கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனேன். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பலகையின் நேரான விளிம்பு இயக்குவரை. அதன்மேல் டீ ஸ்கொயர் ஒன்று, அதாவது T வடிவ மட்டம், சறுக்கி ஓட வேண்டும். சன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியப் பட்டையில் அவரே ஒன்று செய்துகொடுத்தார். நிமிர்ந்து நிற்கும் கால் 60 செ.மீ. நூலின் நீளமும் அதே 60. நூலின் ஒரு முனை காலின் உச்சியில், மறுமுனை குவியத்தில் அடித்த ஆணியில். பென்சில் முனையால் நூலைக் காலோடு ஒட்டிப் பிடித்து இறுக்கி, ஸ்கொயரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பென்சிலுக்கு மேலே உள்ள நூல் காலை ஒட்டி இருக்கிறது. மீதி நூல் ஆணிக்குப் போகிறது. காலின் மீதி நீளம் பலகை விளிம்புக்குப் போகிறது. மொத்தம் இரண்டும் 60 என்பதால் மீதிகளும் சமம். அவ்வளவுதான் ரகசியம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "டைனிங் டேபிளுக்கு ஓவல் போட்டா ரெண்டு ஆணி அடிப்போம். ரெண்டுலயும் நூலைக் கட்டிப் பென்சிலைச் சுத்துவோம். இதுல ஒரு ஆணிதானே இருக்கு. இன்னொரு ஆணி எங்கே, தம்பி?"

நான் பதில் சொல்லாமல் நின்றேன். கேள்வி அவ்வளவு சரியான கேள்வி. அவர் சொன்ன ஓவல் நீள்வட்டம். இரண்டு ஆணியிலிருந்தும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மாறாது. ஒரு ஆணியை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைத் தள்ளிக்கொண்டே போனால் ஓவல் நீண்டுகொண்டே போகும். எல்லையில்லாமல் தள்ளிவிட்டால், அங்கிருந்து வரும் நூல் பென்சில் எங்கே இருந்தாலும் ஒரே திசையில்தான் வரும். அந்தத் திசையைத்தான் ஸ்கொயரின் கால் பிடித்து வைத்திருக்கிறது. பரவளையத்தின் இன்னொரு குவியம் முடிவிலியில் இருக்கிறது என்று 1604இல் ஒளியியல் பற்றி எழுதும்போது கெப்ளர் சொன்னார். குவியத்துக்கு ஃபோகஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அடுப்பு என்று பொருள். பனங்கிழங்கு வேக வைக்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

"இன்னொரு ஆணி அங்கே இருக்கு, அண்ணாச்சி" என்று மேலே கையைக் காட்டினேன். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. சூரியனிலிருந்து வரும் நூல்தான் கதிர்: காலை ஒட்டி இறங்கி, பென்சில் முனையில் திரும்பி, அடுப்புக்குப் போகிறது. நூல் போகிற வழியிலேயே வெயிலும் போகும். அவர் மேலே பார்க்கவில்லை, நூலைப் பார்த்தார். "நூல் இழுபடுதே" என்றார்.

இழுபட்டது உண்மைதான். நான் எடுத்திருந்தது கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் நைலான் நூல். முதல் வளைவை வரைந்து முடித்து டேப்பை வைத்துப் பார்த்தேன். வலது பாதியில் எந்தப் புள்ளியில் அளந்தாலும் ஆணிக்கு உள்ள தூரம் கோட்டுக்கு உள்ளதைவிட 3 மி.மீ. அதிகம். இடது பாதியில் ஓரிடத்தில் 3, ஓரிடத்தில் 5, நுனியில் 8. தச்சு வேலையில் எட்டில் ஒரு இன்ச்சுக்கு நூல் என்று பெயர். ஏறக்குறைய 3 மி.மீ. "நூல் ஒரு நூல் நீண்டிருக்கு" என்று அண்ணாச்சி சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை, அளவைத்தான் சொன்னார்.

வலது பாதியைப் பார்த்து நான் கவலைப்பட்டேன். அது வீண் கவலை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 3 மி.மீ. அதிகம் என்றால், கோடு 3 மி.மீ. கீழே இறங்கிவிட்டது என்றுதான் பொருள். இறங்கிய கோட்டிலிருந்து அளந்தால் இரண்டு தூரமும் மறுபடி சமம். அது குறையில்லாத பரவளையம்தான், குவியத் தூரம் 25க்குப் பதில் 25.15 செ.மீ. குழாயை ஒன்றரை மி.மீ. ஏற்றி மாட்டினால் தீர்ந்தது. ஆணியின் தடிமன், முடிச்சு போட்டதில் போன நீளம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். இடது பாதிதான் கெட்டுப்போனது, ஏனென்றால் அங்கே பிழை மாறிக்கொண்டே இருந்தது. வலது கைப்பழக்கம் உள்ளவன் இடது பக்கம் போகும்போது உடம்பை வளைத்து, அறியாமல் பென்சிலை அழுத்தி இழுக்கிறான். தூத்துக்குடியில் தூண்டில் சாமான் விற்கும் கடையிலிருந்து பின்னல் நூல் வாங்கி வந்தேன். ஒற்றை இழை நைலான் தூண்டில் நரம்பு வேண்டாம், அது இன்னும் மோசமாக இழுபடும். பின்னல் நூல் கம்பி மாதிரி நின்றது. இரண்டாவது வளைவில் இரண்டு பக்கமும் அரை மி.மீ.க்குள் அடங்கின.

இடையில் இன்னொரு பயம். டீ ஸ்கொயரை மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தால் கால் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. கால் சாய்ந்தால் அது அளப்பது கோட்டுக்குச் செங்குத்துத் தூரத்தை அல்ல, அதைவிடக் கொஞ்சம் நீண்ட சாய்வுத் தூரத்தை. அப்படியானால் குவியத்துக்கு உள்ள தூரம் கோட்டுக்கு உள்ள தூரத்தைவிட எப்போதும் ஒரே விகிதத்தில் அதிகம். விகிதம் ஒன்றுக்கு மேலே போய்விட்டால் அது பரவளையமே அல்ல, அதிபரவளையம்! இந்த விகிதம், மையத்தொலைத் தகவு என்று மனப்பாடம் செய்த சமாச்சாரம், பட்டறையில் எதிரே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். இரண்டு டிகிரிக்கு அந்தத் தகவு 1.0006. 50 செ.மீ. தூரத்தில் 0.3 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. பெயரளவில் அதிபரவளையம், வெயிலுக்குப் பரவளையம். ஸ்கொயரை அப்படியே விட்டுவிட்டேன்.

வளைவு தயார். 6 மி.மீ. பிளைவுட்டில் ஜிக்சா வைத்து வெட்டி, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்ததில் ஒரு நாள் போனது. அடுத்து விலாச் சட்டங்கள். ஒன்றரை மீட்டர் நீளத் தொட்டிக்கு நான்கு சட்டம், அரை மீட்டருக்கு ஒன்று. சட்டங்களின் மேல் நீளவாக்கில் பதினொரு ரீப்பர் (ஒடுக்கமான மரப்பட்டை), ரீப்பர்களின் மேல் தகடு. என் யோசனை: ரீப்பர் ஓர் இன்ச்சு தடிமன் என்றால், அடிப்புள்ளியை ஓர் இன்ச்சு கீழே இறக்கி, அதே ஆணியை வைத்து இன்னொரு பரவளையம் வரைந்து சட்டத்தை வெட்டலாம். எவ்வளவு அழகான யோசனை என்று எனக்கே ஒரு பெருமை.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஹோல் சா வைத்துப் பலகையில் ஓட்டை போட்டால் ஒரு வட்டத்துண்டு கழன்று விழும், நடுவில் தானாகவே துளை இருக்கும். அப்படி ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்தார். ஆரம் 24 மி.மீ. வெட்டிய வளைவின் மேல்துண்டைச் சட்டப் பலகைமேல் வைத்து, அதன் விளிம்பில் வட்டத்துண்டை உருட்டிக்கொண்டே, நடுத்துளையில் பென்சிலை விட்டுக் கோடு இழுத்தார். "எங்க பார்த்தாலும் இருபத்திநாலு. ரீப்பரையும் இருபத்திநாலுக்கு இழைச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வட்டத்துக்கு வெளியே எல்லா இடத்திலும் ஒரே தூரம் தள்ளிக் கோடு போட்டால் அதுவும் வட்டம். நேர்கோட்டுக்கு அப்படிப் போட்டால் அதுவும் நேர்கோடு. பரவளையத்துக்கு அப்படிப் போட்டால் கிடைப்பது பரவளையம் இல்லை. அண்ணாச்சியின் கோட்டின் நுனியில் என் ஆணிக்கும், இறக்கி வைத்த இயக்குவரைக்கும் தூரம் பார்த்தால் சுமார் ஒன்றரை செ.மீ. விலகல். என் யோசனைப்படி வெட்டியிருந்தால் ரீப்பர் போட்ட பிறகு தகடு அந்த அளவுக்குத் தப்பாக உட்கார்ந்திருக்கும். தகடு பரவளையமாக இருக்க வேண்டுமானால் சட்டம் பரவளையமாக இருக்கக் கூடாது. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அவர் யோசித்தார் என்றும் சொல்ல முடியாது. ரீப்பர் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, அப்போது கோடும் எல்லா இடத்திலும் அதே தூரம்தானே என்று கை செய்தது.

தகடு 0.5 மி.மீ. அலுமினியம். ஷீட் எட்டுக்கு நாலடி. வளைவின் நீளம் 114.8 செ.மீ., நாலடி என்பது 122. ஓரம் மடிக்க ஏழு செ.மீ. மிச்சம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஃபிலிமை ஒட்டியதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குமிழ் விழும். சோப்புத் தண்ணீர் தெளித்து, தகடு தரையில் தட்டையாக இருக்கும்போதே ஒட்டி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து வழித்தால் குறைவாக விழும். வளைத்த பிறகு ஒட்டப் பார்க்காதீர்கள்.

பூட்டிய பிறகு சரிபார்ப்பதில் ஒரு சிக்கல். இயக்குவரை அடிப்புள்ளிக்கு 25 செ.மீ. கீழே, ஸ்டாண்டுக்குள் எங்கோ காற்றில் இருக்கிறது. டேப்பை எங்கே வைப்பது? கோட்டைக் கீழிருந்து மேலே தூக்கிக்கொள்ளலாம். தொட்டியின் இரண்டு உதட்டிலும் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்தால், அது குவியத்தின் வழியாகத்தான் போகிறது. தகட்டின் எந்தப் புள்ளியிலிருந்தும் சட்டத்துக்கு நேர் மேலே உள்ள தூரத்தையும் குவியத்துக்கு உள்ள தூரத்தையும் கூட்டினால் 50 வர வேண்டும். 30இல் 16 + 34. 40இல் 9 + 41. அடியில் 25 + 25. ரசமட்டம் வைத்துத் தொட்டியை மட்டமாக்கி, சட்டத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தோம். நானும் மகளும் ஒரு சாயங்காலம் முழுக்க, 44 இடம். அவள் எண்ணைச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது சட்டத்தின் இடப்பக்கம், 40 செ.மீ. குறியில், 50.8 வந்தது. அந்த ரீப்பர் சரியாகப் பதியாமல் தகடு பள்ளமாக இருந்தது. பழைய ஏடிஎம் கார்டுகளை நீளமாக வெட்டி, அடுக்கி, அடியில் செருகி ஏற்றினோம்.

8 மி.மீ.க்கு இவ்வளவு பாடா என்றால், ஆமாம். தகடு ஒரு டிகிரி சாய்ந்தால் கதிர் இரண்டு டிகிரி திரும்பும். நுனியிலிருந்து குவியம் 50 செ.மீ. தூரம். அங்கே போய்ச் சேரும்போது கதிர் 17 மி.மீ. விலகியிருக்கும். கறுப்புக் குழாயின் பாதி அகலம் 23.5 மி.மீ. அதாவது, ஒரு டிகிரி வரை மன்னிப்பு உண்டு, ஒன்றரை டிகிரிக்கு இல்லை.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970இலிருந்து இயங்குவது, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அதுவும் என் தொட்டியின் அதே சாதி: புள்ளியில் அல்ல, கோட்டில் குவிக்கும் பரவளைய உருளை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள். தகட்டுக்குப் பதில் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். இடத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் கெட்டிக்காரத்தனம். அந்த மலைச் சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அவ்வளவே. அதனால் வடக்கு தெற்காகச் சரிவில் கிடத்தியதும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அதைச் சுற்றி உருட்டினாலே ஒரு நட்சத்திரத்தைப் பல மணி நேரம் தொடரலாம். நான்கு சட்டத்துக்கும் பதினொரு ரீப்பருக்கும் நான் பட்ட பாட்டை வைத்து, 24 சட்டத்தை அரை கிலோமீட்டருக்கு ஒரே நேராக நிறுத்தியவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

என் மாடியில் மலைச்சரிவு இல்லை. தொட்டியைக் கிழக்கு மேற்காக வைத்தேன். திருநெல்வேலி அட்சரேகை 8.7 டிகிரி, தை முதல் வாரத்தில் உச்சியில்கூடச் சூரியன் தெற்கே 29 டிகிரி சாய்ந்திருக்கும். அந்த அளவுக்குத் தொட்டியைத் தெற்கே சாய்த்தால், உச்சிக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் கோணம் ஒன்றரை டிகிரிதான் மாறுகிறது. கை வைக்க வேண்டாம். கடிகாரத்தில் 12 மணி என்பது உச்சி அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஜனவரியில் எங்கள் ஊரில் உச்சி 12.30 வாக்கில்.

குழாயை மாட்டுவதற்கு முன் குவியக் கோட்டில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். தகட்டை நேராகப் பார்க்கவே கூடாது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம், எனவே எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் நுனியிலிருந்து வரும் வெளிச்சம் சுமார் 5 மி.மீ. பட்டையாகத்தான் விழும். எனக்கு விழுந்தது 25 மி.மீ., ஓரிரு இடத்தில் 35. போதும். அட்டை புகைந்தது.

குழாயைக் கோட்டில் கிடத்தி, எவர்சில்வர் தகட்டை நீளமாக மடித்த தட்டில், கழுவி ஈரம் சொட்டும் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் தடவி அடுக்கி, உள்ளே தள்ளினேன். மூன்று கிழங்கு ஒரு வரிசை. வாயை முழுக்க அடைக்கக் கூடாது, ஆவி வெளியே போக வழி வேண்டும். துணியை லேசாகச் செருகினால் போதும். முக்கால் மணி நேரத்தில் வாய்ப்பக்கத்தில் ஆவி பறந்தது. தண்ணீரில் அவித்த மாதிரி இல்லை, சுட்ட மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ருசி. தோல் ஓரத்தில் லேசாகக் கருகியிருந்தது. அண்ணாச்சிக்கு இரண்டு கொடுத்தேன். நாரை உரித்துக்கொண்டே, "மிளகு போட்டு இடிச்சா நல்லாருக்கும்" என்றார்.

நாலாவது நாள் குழாய் போனது. என் அவசரம்தான். கிழங்கை எடுத்த சூட்டோடு உள்ளே ஒட்டிய மஞ்சளைக் கழுவலாம் என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஒரு டிக் சத்தம், அவ்வளவுதான். காலிக் குழாய் வெயிலில் எவ்வளவு கொதிக்கும் என்று தெரிந்தவன் செய்யக் கூடாத காரியம். புதுக் குழாய் வாங்கும் வரை தொட்டி சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூடி வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனைவி மாடியிலிருந்து கூப்பிட்டாள். தொட்டிக்கு மேலே, தலை உயரத்தில், துணி காயப்போடும் நைலான் கொடி கட்டியிருந்தது. ஈரப் போர்வையைப் போட்டதும் பாரம் தாங்காமல் கொடி தொய்ந்து, தொட்டியின் வாய்க்கே இறங்கியிருக்கிறது. போய்ப் பார்த்தபோது போர்வை தகட்டின்மேல் கிடந்தது. கொடி இரண்டு துண்டாக, நுனிகள் உருகி உருண்டையாகி இருந்தன. அறுந்த நுனியை எடுத்து, தகட்டின் அடியிலிருந்து டேப்பை வைத்துப் பார்த்தேன். "இப்போ அதை அளந்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

இருபத்தைந்தேகால்.